ஏழாம் பாரத்தின் இரண்டு கோடு

நேசம்மாளைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். கருங்கல் சந்தைத் தெருவில் எங்கள் அச்சாபீசில் ஆறு வருஷம் எழுத்துக் கோர்த்தவள். தகப்பன் படுத்த படுக்கை. அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு நாளைத்தான் சொல்வேன். 1953 செப்டம்பர், ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு நான் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்களிடம் ஈய எழுத்து கொஞ்சம்தான். எட்டுப் பக்கம் கோர்த்தால் பெட்டி காலி. அச்சடித்து முடித்த பக்கத்தைப் பிரித்து எழுத்தைத் திரும்பப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த வேலை நடக்கும். கோர்த்துக் கட்டிய பக்கத்துக்குப் பாரம் என்று பேர். ஒரு பாரத்துக்கு இரண்டு வேலை பாக்கியிருந்தால் அதன் பலகை ஓரத்தில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு போடுவோம். ஒரு வேலை முடிந்ததும் மிஷின் ஓட்டுகிற நான் ஒரு கோட்டை அழிப்பேன். கோடே இல்லாத பாரத்தை நேசம்மாள் பிரித்துவிடுவாள். இன்னொரு சட்டமும் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்த்து ஒப்புக் கையெழுத்துப் போட்ட மாதிரி அச்சில், அதாவது புரூபில், ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் புதிதாகக் கோர்த்துப் புதிதாக ஒப்பு வாங்கவேண்டும்.

ஏழாம் பாரம் கணக்குப் பரீட்சைக் கேள்வித்தாள். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஒரே தாள், மறுநாள் காலை பரீட்சை. சிதறால் பக்கத்துப் பள்ளிக்குக் காலையிலேயே அடித்து அனுப்பிவிட்டேன். அதோடு காகிதம் தீர்ந்துபோயிற்று. பேச்சிப்பாறைப் பக்கத்துப் பள்ளியின் ஆள் நாலு மணிக்கு வருவார். மத்தியானம் காகிதம் வந்ததும் போய்ப் பார்த்தால் பலகை வெறுமையாகக் கிடக்கிறது. பிரித்த எழுத்தில் பாதி அதற்குள் ஒரு சங்கத்து அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

முதலாளி முத்துநாயகம் பாய்ந்து வந்தார். "ஏட்டி, யாரு சொல்லிப் பிரிச்ச?"

"கோடு இல்ல மொதலாளி. ஒண்ணுகூட இல்ல," என்றாள் நேசம்மாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே கோலப்பா, நீ எத்தன கோடு அழிச்ச?"

காலையில் அவசரத்தில் ஒரே இழுப்பாக இரண்டையும் துடைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஒண்ணுதான் மொதலாளி," என்றேன்.

நேசம்மாள் என்னைப் பார்த்தாள்.

"நாலு மணிக்குத் தாள் இல்லண்ணா நீ வீட்டப் பாத்துப் போயிக்கோ," என்றார் முதலாளி அவளிடம். மணி அப்போது ஒன்றரை.

ஒப்பிட்ட புரூபை எதிரே மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கோர்த்தாள். மூன்று மணிக்கு, இன்னும் இரண்டு கேள்வி மிச்சமிருக்கையில் எழுத்து தீர்ந்தது. சுவரோரம் சாய்ந்திருந்த பாரங்கள் எல்லாவற்றிலும் கோடு, எல்லாம் ஊரார் வேலை. ஒன்று மட்டும் அவளுடையது. அடுத்த வியாழன் அவளுக்குக் கல்யாணம். வேதக்கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாயிற்று. அழைப்பிதழைத் தானே ஆசை ஆசையாகக் கோர்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமை நான் அடித்துத் தருவதாகப் பேச்சு.

அந்தப் பலகையைத் தூக்கிவந்து என் மிஷினுக்கு முன்னால் வைத்தாள். "இந்தக் கோட்ட நான்தான் அழிக்கேன். நல்லாப் பாத்துக்கிடுங்கோ," என்றாள். ஆறு வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டவள் அன்றைக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். கோட்டை விரலால் அழித்தாள். மாப்பிள்ளை பேரையும் தன் பேரையும் எழுத்தெழுத்தாக உருவி, கேள்வித்தாளில் மிச்சமிருந்த தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் கோர்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அதை வியர்வை மாதிரித் துடைத்துக்கொண்டேனே தவிர வாய் திறக்கவில்லை. அத்தனை கோழை நான்.

மூன்றரைக்குப் புரூப் எடுத்துப் பார்த்தோம். வரிக்கு வரி பொருந்தியது. மிஷினை மிதித்த மிதியில் எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடத்து ஆள் வாசலில் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார். நாலேகாலுக்கு, மை காயாத முந்நூறு தாளையும் கட்டிக் கொடுத்தோம்.

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "நேசம்மா, நாளைக்கு நீ வராண்டாம். கோடு பாக்கத் தெரியாதவள வச்சு நான் என்ன செய்ய?"

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"மொதலாளி, ரெண்டு கோட்டையும் நான்தான் அழிச்சேன். பொய் சொல்லிட்டேன்," என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

கன்னத்தில் ஒன்று விட்டார். என் வேலை போயிற்று, அவள் வேலை தப்பியது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நின்றேன் பாருங்கள், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அந்தக் கல்யாணத்துக்கு அச்சடித்த அழைப்பு கிடையாது. வீடு வீடாகப் போய் வாயால் அழைத்தார்கள். என்னை எதற்கு அழைக்கப்போகிறார்கள் என்று இருந்தேன். திங்கட்கிழமை தபாலில் ஒரு கார்டு வந்தது. பேர், நாள், கோயில் எல்லாம் பென்சிலில், அவள் கையெழுத்து. ஓரத்தில் ஒரே ஒரு கோடு.

போனேன். கோயில் வாசலில் மாலையோடு நின்றவளிடம் கார்டை எடுத்துக் காட்டினேன். வந்தாயிற்றே, வேலை முடிந்ததே என்று கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தேன்.

"அண்ணே, அத அழிச்சிராதீங்கோ," என்றாள்.