அந்தரத்தில் நின்ற விரல்

பாலையூற்றில் பஸ் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவள், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலையும் புதுச் சட்டையுமாக இருந்தாள். கண்ணை மூடி, மடியிலிருந்த சாப்பாட்டுப் பையில் விரல்களால் தட்டிக்கொண்டே வந்தாள். இடையிடையே சின்னவிரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

“பியானோ பழகிறீங்களோ தங்கச்சி?”

“இல்லை அக்கா. துறைமுகத்தடிக் கம்பெனி ஒண்டில கொம்பியூட்டர் சேர்வர் பாக்கிற வேலை. இண்டைக்குத்தான் முதல் நாள். கட்டளையள் அடிச்சுப் பழகிறன்.”

“அந்த விரல் ஏன் நிக்குது?”

“அது ‘என்டர்’ அழுத்திற விரல் அக்கா. அழுத்தினாப் பிறகு கட்டளையைத் திருப்பி எடுக்க ஏலாது. பிழையெண்டா முழு ஒபிசும் நிண்டிடும். அதால முதல்ல வாசிச்சுப் பாக்கிறனான்.”

பையில் இல்லாத எழுத்துகளை உதடசைய வாசித்தாள். ஜன்னலில் கடல் வெளிறிக் கிடந்தது.

துறைமுகத்தடியில் எழுந்து, பஸ் மணிப் பொத்தானுக்கு விரலை நீட்டினாள். விரல் நின்றது. வெளியே கடலையும் கிரேன்களையும் ஒருமுறை வாசித்தாள். அங்கே என்ன எழுதியிருந்ததோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அழுத்தினாள்.