ஏழாம் கேள்வி

வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் பிந்துகிறது. என் மடியில் ஆய்வுக் கேள்வித்தாள். சீனாவில் நகரத்துப் பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் கூடவா, கிராமத்துப் பிள்ளைகளுக்கா என்று ஒப்பிட அங்கே கேட்ட கேள்விகளைத் தமிழாக்கி, இங்கே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்க யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். ஏழாம் கேள்வி மட்டும் என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குத் தனிப் பெருமை.

பக்கத்தில் டியூஷனுக்குத் தலவாக்கலை போகும் பதினாறு வயதுப் பிள்ளை. அவளிடம் அதையே வாசிக்கிறேன். “அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு தனியே அழுவதுண்டா?”

“இல்லைங்க மிஸ்.”

‘தோட்டத்துப் பிள்ளைகள் திடமானவர்கள்’ என்று பேனையால் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுக்கிறேன். அவள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“எங்க லயத்து வீட்டுல ஒரே காம்பராதாங்க மிஸ். ஆறு பேரு இருக்கோம். எந்தக் கதவைப் பூட்டுறது?”

“அப்ப அழுகை வந்தா என்ன செய்வீர்?”

“வெளிய பீலித் தண்ணிக்குப் போய் மொகம் கழுவுவோம். தண்ணி விழுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. போனா, எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு கழுவிக்கிட்டு நிப்பாங்க.”

இரண்டு கோடுகளையும் கிறுக்கி மறைக்கிறேன். அவள் விடவில்லை.

“மிஸ்ஸுக்குத் தனி ரூம் இருக்குங்களா?”

இருக்கிறது. நல்ல பூட்டும் இருக்கிறது. ஏழாம் கேள்வியை நான் யாரைப் பார்த்து எழுதினேன் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.