எடுக்கப்படாத விரல்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தேதி, மணி, நொடி எல்லாம் என்னிடம் இருக்கிறது.

என் பெயர் மேகலா. டெல்லியில் சித்தாள் வேலை பார்ப்பவளின் மகள். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. பெண்கள் பாதுகாப்பு ஆப் ஒன்றைச் சரிசெய்வது என் வேலை. தனியாக நடக்கும்போது திரையில் கட்டைவிரலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். எடுத்தால் ஐந்து நொடியில் மூன்று பேருக்கு அபாயச் செய்தி போகும். சில சமயம் போவதில்லை. காரணத்தை மூன்று மணிக்குள் கண்டுபிடிக்காவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று டீம் லீட் கௌஷிக் சொல்லிவிட்டான்.

"உங்க காலேஜ்ல டச் போனே பார்த்ததில்லையா? ஜல்தி முடிம்மா."

டிராயரிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து என் மேசையில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனான். எல்லோரும் போனார்கள். பகல் 1:52.

சோதனைக்காக, விரல் படும் இடத்தில் வெள்ளை வட்டம் தெரியும்படி வைத்திருந்தேன். என் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன.

திரையில் ஒரு வட்டம்.

ஈரம் என்று துடைத்தேன். போகவில்லை. அணைத்துப் போட்டேன். அதே இடம்... அதே வட்டம். லேசாக நடுங்கியது.

ஆப் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்தேன். விரல் வைத்தது: நவம்பர் 9, இரவு 8:31. எடுத்தது: காலி.

அன்று ஜனவரி 22.

அடுத்த வரியிலேயே கோளாறு தெரிந்தது. 8:47க்கு ஒரு போன் கால். கால் வந்தால் போன் அந்தத் தொடுதலை ரத்து செய்துவிடும். விரல் எடுத்ததாகச் சொல்லாது. ரத்தானால் என்ன செய்வதென்று எவனும் எழுதவில்லை. நான் எழுதினேன். ரத்தானாலும் செய்தி அனுப்பு.

2:09. போனில் ஏற்றினேன்.

வட்டம் மறைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

சாப்பிட்டுத் திரும்பிய கௌஷிக்கின் போன் வாசலில் அலறியது. திரையைப் பார்த்தவன் முகம் வெளுத்தது.

"யாரு அனுப்பினது?"

"நான் தொடவே இல்லை."

பழைய போனைப் பிடுங்கினான். உடனே உதறினான். கண்ணாடியில் ஈரமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

மாலையில் பக்கத்து மேசை ஷ்வேதா படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். எனக்கு முன்னால் என் இடத்தில் இருந்தவள் ராஜி. அந்தப் போனைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்து ஆப்பைச் சோதிப்பாள்; அபாயச் செய்தி போகும் மூன்று பேரில் கௌஷிக்கும் ஒருவன். நவம்பர் 9 இரவு முனிர்காவில் ஒரு சந்தில் அவளைக் கொன்று போட்டிருந்தார்கள்.

"கௌஷிக் பாவம்டி. 8:47க்குக் கூப்பிட்டாராம். அவ எடுக்கவே இல்லையாம்."

பதிவின் நகல் என் லேப்டாப்பில் இருந்தது. முழுதாகப் படித்தேன்.

கால் எடுக்கப்பட்டது: 8:47:16.

துண்டிக்கப்பட்டது: 8:51:27.

நான்கு நிமிடம் பதினோரு நொடி... அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.