ஆடிட் மேடம் விசாவுக்குப் போன கதை

பனியன் கம்பெனியில் வெட்டுவதற்கு ஒரு மெஷின், தைப்பதற்கு ஒரு மெஷின், பதில் சொல்லிக்கொடுக்க மட்டும் ஒரு மனுஷி உண்டு. அந்த மனுஷி நான்.

திருப்பூர் அருள்புரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு ஆடிட் வேலை. கணக்கு ஆடிட் என்று நினைத்துவிடாதீர்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சார்பாக ஆட்கள் வருவார்கள். குடிதண்ணீர் எப்படி, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவீர்கள், ஊசி குத்தினால் மருந்துப் பெட்டி எங்கே என்று டெய்லர்களையே தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நாலு பேர் திருதிருவென்று விழித்தால் போதும், ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடும். அதனால் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று தையல் ஃப்ளோர் முழுவதையும் உருப்போட வைப்பது என் பொறுப்பு. இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு திருப்பூரில் இந்த உத்தியோகம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவது?

கேட்டதும் கேட்காததும்

அன்புராணி அக்கா எங்கள் ஓவர்லாக் டெய்லர். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து அருள்புரத்தில் குடியிருந்தார். கை வேகம் அபாரம். வாய் அதைவிட வேகம். ஆனால் ஆடிட் என்றால் மட்டும் அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் டீ நேரத்தில் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஆடிட்டர் அம்மா பெங்களூரிலிருந்து வந்தார். நல்ல மாதிரி. சிரித்த முகமாக, "உங்க பேர் என்னங்க?" என்றுதான் ஆரம்பித்தார். அக்கா விறைப்பாக எழுந்து நின்று, "ரெண்டு வழி இருக்கு மேடம். ஒண்ணு ஜெனரேட்டர் பக்கம், இன்னொண்ணு கேன்டீன் பக்கம்" என்றார். இல்லைங்க, பேரைத்தான் கேட்டேன் என்று அந்த அம்மா சொன்னதும் அக்கா என்னைத் திரும்பி முறைத்தபடி சொன்னது:

"பேரையா கேக்கிய? அதை இவ சொல்லித் தரலியே!"

மூன்று மாதக் குடித்தனம்

என் கணவர் சிவக்குமார் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு மெக்கானிக். பழுதான மெஷினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதத்தில், அந்த மெஷின்களைச் செய்கிற ஜெர்மனி கம்பெனியே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. சின்ன வயதிலிருந்து அவர் ஆசைப்பட்ட வேலை. "போயிட்டு வாங்க" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு, ஊத்துக்குளியில் புகுந்த வீட்டிலிருந்து தினமும் பஸ் மாறி அருள்புரம் வந்துபோனேன். ஊரில் எல்லோரும் என்னை அதிர்ஷ்டக்காரி என்றார்கள். எனக்கோ ஃபோனில் கேட்கிற குரலுக்கு முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஒரு வருஷ வேலை என்று போனவருக்குக் காலவரம்பு இல்லாமல் நீட்டித்தார்கள். மனைவி விசாவுக்கு மனுப் போட்டோம். சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். "உனக்குக் கிடைக்கலைன்னா வேலைய விட்டுட்டு வந்தர்றேன்" என்று அவர் ஃபோனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த வேலையை விட்டால் அவர் பாதி ஆளாகிவிடுவார். மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்த டிராவல்ஸ்காரர் தன் பங்குக்கு இன்னொரு பயத்தையும் சேர்த்தார்:

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்திருந்தது மூணு மாசங்க. விசாவுக்காகப் பண்ணுன கல்யாணமோன்னு சந்தேகப்படுவாங்க, பாத்துப் பேசுங்க."

எனக்கே ஆடிட்

விஷயம் தெரிந்ததும் ஃப்ளோர் முழுக்க ஒரே உற்சாகம். இத்தனை நாள் நான் அவர்களை வாட்டியதற்குச் சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் போல. சாப்பாட்டு வேளையில் கட்டிங் டேபிளைக் காலி செய்து அந்தப் பக்கம் மேனேஜர் துரைசாமி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நான். சுற்றிலும் டிஃபன் பாக்ஸோடு ஜனம். "உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லுங்க பாக்கலாம்" என்று மேனேஜர் குரலைக் கனமாக்கிக் கேட்டார்.

நான் மூச்சுவிடாமல் சொன்னேன். பெயர், பிறந்த தேதி, உயரம், படிப்பு, கம்பெனி முகவரி, தங்கியிருக்கும் தெரு. எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் "பாஸ்" என்று கட்டைவிரலை உயர்த்தினார். அன்புராணி அக்கா மட்டும் சோற்றில் கைவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஏட்டி, நீ சொன்னது ஒம் புருஷனையா, இல்ல ஃபயர் எக்ஸிட்டையா?"

நங்கையாவின் கட்டளை

கல்யாண ஃபோட்டோக்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆல்பத்தைப் பிரித்துப் போட்டு, தாலி கட்டுவது, மாலை மாற்றுவது என்று நான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் புருஷனின் அக்காவை நங்கையா என்போம். மாமியார் காலமான பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவருக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. இணைச்சீர் படம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவருடைய அக்காவோ தங்கையோ சேர்ந்து செய்கிற சீர் அது. படத்தில் நங்கையா பட்டும் நகையும் பூவுமாக ஜொலிப்பார். பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் தம்பி. கூறைப்புடவையின் ஒரு முனை அவர் கையில், மறு முனை இவர் கையில். நான் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

அதனால்தான் விட்டுவிட்டேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நங்கையா கேட்பாரா? அந்தப் படத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"இணைச்சீர் இல்லாம ஒரு கல்யாணமா கண்ணு? அதையப் பாத்தாத்தான் அவுங்களுக்கும் நம்பிக்கை வரும்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன்கார அம்மா. பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்கிற பெண். ஆடிட் ஃபைல் மாதிரியே கலர் அட்டை வைத்துப் பிரித்த என் ஃபைலை நீட்டினேன். கணவர் பெயரைக் கேட்டார்கள். நான் பெயரில் தொடங்கித் தெரு வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடி நின்றேன். அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அடுத்த கேள்விக்கும் அப்படியே ஓடினேன். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. உருப்போட்ட பதிலை எதிரே இருப்பவர் எவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிப்பார் என்பது, மற்றவர்களை உருப்போட வைத்தே காலத்தை ஓட்டிய எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அவர் ஃபோட்டோக்களை எடுத்தார். முதல் படத்திலேயே நின்றுவிட்டார். "மணப்பெண் நீங்கள் இல்லையே. இது யார்?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைத் துரைசாமி கேட்கவில்லை, டிராவல்ஸ்காரரும் சொல்லவில்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம் என்னை அறியாமல் வாய் தானாகப் பேசியது. அம்மா இல்லாத பையன் என்றேன். அக்காதான் சோறு ஊட்டி வளர்த்தாள் என்றேன். நாளைக்குப் பெண்டாட்டி வந்த பிறகும் அக்காவை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்கிற சீர் இது என்றேன். துப்பட்டாவின் ஒரு முனையை நான் பிடித்து, மறு முனையைக் காற்றில் யாரிடமோ கொடுத்துக் காட்டினேன். "அவரு அங்க தனியாச் சமைச்சு உப்பில்லாமச் சாப்பிடறாருங்க" என்று சம்பந்தமில்லாமல் சொல்லி அழுதும்விட்டேன். அதிகாரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தபடி ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த பெண் எனக்குச் சொன்னது இது:

"மேடத்துக்கும் ஒரு தம்பி இருக்காராம். அவர் கல்யாணத்துல இவங்களைப் பின்வரிசையில உட்கார வெச்சுட்டாங்களாம்."

விசாரிக்க வந்தவர்

விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். விசாரிப்பது என்றால் நேரிலேயே ஆள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், தூதரகம் விசாரிக்க அனுப்பிய ஒரு வக்கீல் கோவையிலிருந்து கையில் பையோடு எங்கள் கம்பெனி வாசலில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பை, "சில பேர்கிட்ட விசாரிக்கணும்" என்ற பேச்சு. வாட்ச்மேனுக்கு இது போதாதா? ஆடிட்டர் வந்துவிட்டார் என்று மணியை அடித்துவிட்டார். நொடியில் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை, மூக்கில் மாஸ்க். மேகலாவுக்கு, அதாவது எனக்கு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவர் கேட்டதற்கு ஒரு டெய்லர், "வாரத்துல ஒரு நாள் லீவுங்க" என்றாராம். கணவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு இன்னொரு பெண் மருந்துப் பெட்டியைத் திறந்து பஞ்சு, டிஞ்சர் எல்லாம் காட்டினாளாம்.

நான் திரும்பி வந்தபோது அவர் மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் என் பாடத்தாலேயே என் குடித்தனம் போச்சு என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். "உட்காருங்கம்மா, ஒருத்தர் மட்டும் என் கேள்விக்குப் பதில் சொன்னாங்க. அதை அப்படியே எழுதிக்கிட்டேன்" என்று அவர் வாசித்துக் காட்டினார். பேரைக் கேட்காமலே யார் சொன்னது என்று எனக்குத் தெரிந்துவிட்டது:

"மத்தியானம் மணி அடிச்சா போனைத் தூக்கிட்டுப் படிக்கட்டுக்கு அடில ஓடிருவா. போகும்போது சிரிச்சிக்கிட்டுப் போவா, வரும்போது மூக்கை உறிஞ்சிக்கிட்டு வருவா. கட்டுன புருஷனுக்கு இல்லாம வேற யாருக்கு சார் இப்படி அழுவா? சட்டுன்னு அனுப்பி வைங்க, நாங்க நிம்மதியாச் சோறு திங்கணும்லா!"

அடுத்த மாதமே விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்த எனக்கு அதை வாங்கிக்கொடுத்தது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத இரண்டு பதில்கள்தான் என்பதை, என் நாற்காலிக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் மட்டும் நான் மூச்சுவிடவில்லை.