அம்மை கேட்ட சிவப்பு விளக்கு

அம்மைக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது என்ற விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். ஒன்று அம்மை, இன்னொன்று நான். மஸ்கட்டில் இருந்த அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவர் வீடியோவில் வரும்போது அம்மை அவருடைய உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள். படம் அசையாமல் நின்று குரல் மட்டும் வந்தால், நான் போனை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்துவிடுவேன். அதில் நான் பெரிய கெட்டிக்காரி.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மைக்கு அண்டியாபீஸில் வேலை. முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. பெயரில் ஆபீஸ் இருந்தாலும் உள்ளே புகையும் சூடும்தான். கொட்டையை அவித்து உடைத்து, பருப்பைச் சூடான அறையில் உலர்த்தி, தோலை உரித்து, கடைசியில் தரம் பிரிப்பார்கள். அம்மை தரம் பிரிக்கிற மேசையில் இருந்தாள். முழுப் பருப்பு, பாதி, துண்டு, கருகல் என்று அவள் விரல்கள் தள்ளிக்கொண்டே போகும். ஏற்றுமதிக்குப் போகிற பருப்பை அவள் கையால் பிரித்தால் மறுபடி பார்க்க வேண்டாம் என்று அங்கே பேர்.

ஒருநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது அம்மை சொன்னாள். "காது கேக்காதுண்ணு தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாவ மக்கா. ஒருத்தருகிட்டயும் சொல்லிராத, கேட்டியா?"

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கடைவீதியில் யாராவது பின்னாலிருந்து அம்மையைக் கூப்பிட்டால், அவள் திரும்புவதற்கு நான் சேலையைப் பிடித்து இழுப்பேன். விளையாட்டுக்கு இழுப்பதுபோல இழுக்க வேண்டும், அதற்கும் பழகியிருந்தேன்.

பள்ளிக்கூட வேன் என்னை நாலு மணிக்கு அண்டியாபீஸ் வாசலில் இறக்கிவிடும். வாசலுக்கு உள்ளே கிடந்த பெஞ்சில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருப்பேன். ஐந்துக்குச் சைரன் ஒருமுறை ஊதும். அந்த நேரம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அம்மையின் முதுகைப் பார்ப்பேன். மற்றப் பெண்கள் எழுந்த பிறகும் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தெரிந்துபோகும். ஆனால் ஒருநாளும் அப்படி நடக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து எழுந்துவிடுவாள். கடிகாரத்தைப் பார்த்து எழுகிறாள் என்று நினைத்தேன்.

சைரன் விடாமல் ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். பெஞ்சுக்கு மேலேயே அதை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை நாலரைக்கு அது ஊதத் தொடங்கி நிற்கவேயில்லை.

உலர்த்தும் அறையில் தீ. கூரை ஓட்டின் இடுக்கு வழியாகக் கறுப்பாகப் புகை வந்தது. பெண்கள் கூட்டமாக முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். சிலர் தலையில் கட்டிய துணியோடு, சிலர் செருப்பில்லாமல். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அம்மை இல்லை. ஜன்னலைப் பார்த்தேன். அவள் இருந்த இடம் காலி.

மேற்பார்வை பார்க்கிற அக்கா நோட்டை வைத்துப் பேர் கூப்பிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மையின் பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்க அம்மை எங்க?"

சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அம்மைக்கு வேலை போய்விடும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இப்ப வந்துருவா அக்கா."

இத்தனை வருடம் கழித்தும் அந்த ஐந்தாறு நொடி எனக்கு மறக்கவில்லை. சைரன் ஊதிக்கொண்டிருந்தது. ஊருக்கே கேட்கிற அந்தச் சத்தம் என் அம்மை ஒருத்திக்குக் கேட்கவில்லை. உள்ளே ஏதோ வெடித்தது. அப்போதுதான் நான் கத்தினேன். "அம்மைக்குக் காது கேக்காது! அம்மைக்குக் காது கேக்காது!"

கத்தி முடிப்பதற்குள் அம்மையோடு ஒரே மேசையில் இருந்த மாமி உள்ளே ஓடிவிட்டாள். பருத்த உடம்பு, முழங்கால் வலி வேறு. சேலையை வாரிச் செருகிக்கொண்டு அவள் ஓடியதை இப்போதும் காண்கிறேன். பின்பக்கம் டின் அடுக்கி வைக்கிற அறையில், கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பிரித்த பருப்பை அடைக்க அம்மை நிதானமாக டின்களை எண்ணிக்கொண்டிருந்தாளாம். மாமி கையைப் பிடித்து இழுத்தபோது அவளுக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. முற்றத்துக்கு வந்து புகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்பதை என் முகத்திலிருந்தே படித்துவிட்டாள்.

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு என் தலையில் கை வைத்தாள். "எங்களுக்குத் தெரியாதா மக்கா? ஒரு வருசமா அஞ்சு மணிக்கு நான்தான அவளுக்க கண்ணு முன்னால முதல்ல எந்திக்கேன்."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மை மனம் நோகக்கூடாது என்று யாரும் அதைப் பேசவில்லை, ஒருவரோடு ஒருவர்கூட. அதனால் தீப்பிடித்தால் அவளை யார் கூப்பிடுவது என்றும் யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

தீயை அரைமணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. என் பயம்தான் அணையவில்லை. மறுநாள் மேனேஜர் அம்மையைக் கூப்பிட்டனுப்பினார். நான் பள்ளிக்கூடத்தில் சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கினால், அம்மை வாசலிலேயே இருந்தாள். வேலை போகவில்லை. சம்பளமும் அதேதான். வாசலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, டின்னில் லேபிள் ஒட்டுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள். எது நடந்தாலும் நாலு எட்டில் ரோட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு உயிர் வந்தது. இனி ஜன்னலைப் பார்க்க வேண்டாம். பெஞ்சிலிருந்து கையை நீட்டினால் அம்மையைத் தொடலாம்.

ஆனால் அம்மை அந்த வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. லேபிளை ஒட்டுவாள், தேய்ப்பாள், அடுத்ததை எடுப்பாள். திங்கட்கிழமை சாயங்காலம் திடீரென்று எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"மேனேஜருக்க ரூமுக்கு வா. அவரு சொல்லுதது எனக்குப் பிடிபடல்லண்ணா நீ எனக்க முகத்தப் பாத்துச் சொல்லணும்."

இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று பயந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மை நின்றபடியே சொன்னாள். "சார், எனக்குக் காதுதான் கேக்காது. கண்ணும் கையும் பழைய மாதிரிதான் இருக்கு. எனக்க மேசைக்கே என்னை விடணும்."

"உங்க நல்லதுக்குத்தானேம்மா அங்க இருக்கச் சொன்னேன்" என்றார் அவர், கம்ப்யூட்டரிடம்.

"என்னெப் பாத்துச் சொல்லுங்க சார்."

அவர் திகைத்துத் திரும்பினார். அம்மை தனக்கு வேண்டியதைச் சொன்னாள். சைரனோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு மேசைக்கு நேராக வேண்டும். டின் அறையிலும் ஒன்று. மேசையைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். ஆபத்து வந்தால் தன்னைக் கூட்டிக்கொண்டு வருவது இன்னார் என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லி வைக்க வேண்டும். "அண்ணைக்கு என்னெ வெளிய இழுத்துட்டு வந்தவகிட்ட நானே கேட்டாச்சு. அவ சம்மதிச்சிட்டா."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு குனிந்து மேசை டிராயரைத் திறந்துகொண்டே சொன்னார். "இதெல்லாம் நமக்கே தோணியிருக்கணும். நாளைக்கு எலக்ட்ரீஷியனை வரச் சொல்றேன்."

அம்மை என்னைப் பார்த்தாள். நான் அந்த டின் அறையை நினைத்தேன். கூரையிலிருந்து வந்த கறுப்புப் புகையை நினைத்தேன்.

"முடியாதுண்ணு சொல்லுதாரு அம்மா" என்றேன்.

மேனேஜர் டிராயரிலிருந்து தலையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அம்மை அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் தோளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குப் பேடி சார், தீயக் கண்டு பயந்திருக்கா. அதான் மாத்திச் சொல்லுதா. நீங்க எனக்க நேர பாத்து இன்னொருக்க சொல்லுங்க."

அவர் நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, இன்னொருக்கச் சொன்னார்.

எலக்ட்ரீஷியன் மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாள் வந்தான். விளக்கை முதலில் எரியவிட்டுப் பார்த்தபோது தரம் பிரிக்கிற அறையே சிவந்துபோனது. அம்மை எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்து மாமி சிரித்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அம்மையின் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன். வாசலில் இருந்தால் பயமே இல்லையே, பிறகு எதற்கு மறுபடியும் உள்ளே போக வேண்டும்?

அம்மை வெளியே ஓடிய ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாசல்ல இருந்தா எல்லாவளும் என்னெக் கடந்துதான் போறா மக்கா. ஒருத்தியாவது நிண்ணு ரெண்டு வர்த்தமானம் பேசாண்டாமா?"

காது கேட்காதவளுக்குப் பேச்சுத்துணை எதற்கு என்று நினைத்துக்கொண்டே அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.