விடு என்கிற உத்தரவு

என் புருஷனின் அக்காவுக்கு வாய் நீளம், மனசு வெள்ளை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து எனக்குக் கட்டிவைத்தவள். நான் அவளை அண்ணி என்பேன்.

மூடிப்போன சுரங்கத்தின் வாயில் அவளுக்கு வேலை. பகலில் வெயிலிலிருந்து கிடைக்கும் கரண்டைக் கொண்டு, லாரியைவிடப் பெரிய இரும்புக் குண்டை மேலே இழுத்து நிறுத்துவார்கள். பொழுது சாய்ந்ததும் சுரங்கக் குழிக்குள் இறக்குவார்கள். அது இறங்கும் கனத்தில் சக்கரம் சுழன்று ஊருக்கு விளக்கு எரியும். பிரேக் அண்ணி கையில். குழியின் அடியில் சேறு வாருவது என் புருஷன். அவர் பக்கத்துக் குகைக்குள் ஒதுங்கி நின்று, வயர்லெஸ்ஸில் "விடு" என்றால்தான் அவள் பிரேக்கை விடுவாள். அடியில் ஆள் நின்றால் பிரேக் நகராதபடி ஒரு பூட்டு உண்டு. அது கெட்டு மாதக்கணக்காகிறது. "பாத்துக்கலாம்மா" என்றே காலத்தை ஓட்டினான் சூப்பர்வைசர், பாவி!

அன்று காலை, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அண்ணி தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அவளுக்கு அன்றெல்லாம் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் வயர்லெஸ்ஸில் கேட்டிருக்கிறாள்.

"ஏன்டா, காலைல திட்டினதுக்கு இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியா?"

"அதை விடுக்கா" என்று குண்டுக்கு நேர் கீழே நின்றபடியே சிரித்தாராம் அவர். குகையில் நின்ற பம்ப்காரர் காதால் கேட்டது. மேலே, கரகரப்பில் "அதை" அமுங்கிப்போய் "விடுக்கா" மட்டும்தான் வந்தது.

அண்ணி விட்டாள்.

ஊரில் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டிலும்தான். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் பழி முழுவதும் அண்ணி தலையில் விழுந்தது. பூட்டைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை.

இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். சோறு வைத்தால் தட்டையே பார்க்கிறாள். "நான்தானே கொன்னேன்?" என்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்றால் பொய். ஆனால் அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, போனது போயிடுச்சு. வி..."

நாக்கு அப்படியே நின்றது. துக்கப்படுகிறவர்களிடம் சொல்ல எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. வலி தாங்கவில்லை. கையை எடுக்கச் சொல்லவும் எனக்கு அதே வார்த்தைதான் வாயில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.