அம்மா கழுவிய கொக்கி

என் மாமா குடித்துவிட்டு வேலை செய்ததால்தான் செத்தார் என்று தி. நகரில் கடை கட்டிய கம்பெனி சொன்னது. பச்சைப் பொய். அவருக்குப் பீடிகூடக் கிடையாது. கிரேன் கொக்கியில் கம்பிக்கட்டை மாட்டுவது அவர் வேலை. கொக்கி இரண்டாக உடைந்து, கட்டோடு சேர்ந்து அவர் மேலேயே விழுந்தது. அளவுக்கு மேல் மாட்டிவிட்டார், தப்பு அவருடையது என்றார்கள். செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டானே.

அப்போது நான் நான்காம் வகுப்பு. நைனாவுக்கு அடையாறில் ஒரு கல்லூரி லேபில் வேலை. இரும்பை இழுத்து உடைத்துப் பார்க்கும் மெஷினை ஓட்டுவார்.

மாமாவை எடுத்த மறுநாள், அவரோடு வேலை செய்தவர் உடைந்த கொக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "கம்பெனிக்காரன் இத்த கடாசிடுவான்க்கா. உன் ஊட்டுக்காரராண்ட குடு. லேப்ல பாத்தா உண்மை தெரிஞ்சிடும்."

நைனா வீட்டில் இல்லை. அம்மா சாக்கைப் பிரித்தாள். இரும்பில் தம்பியின் ரத்தம் காய்ந்திருந்தது. அதைக் குழாயடிக்குத் தூக்கிப் போனாள். புளியும் செங்கல் பொடியும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தாள். அழுதுகொண்டே, குத்துவிளக்குபோல் பளபளக்கும்வரை தேய்த்தாள்.

சாயங்காலம் நைனா கொக்கியின் உடைந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்த யாரு கழுவுனது?"

"நான்தான். பின்ன, என் தம்பி ரத்தத்த வெச்சி வேடிக்க பாக்க சொல்றியா?"

நைனா வாயைத் திறந்தார். பிறகு, "சரி, சோறு போடு" என்றார்.

உடைந்த இரும்பைத் துடைக்கவே கூடாது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த இடம் துருவேறிக் கறுத்திருக்கும், புதிதாக உடைந்த இடம் வெளுத்திருக்கும். விரிசல் விட்ட கொக்கியைக் கொடுத்துத்தான் மாமாவைக் கொன்றார்கள் என்று காட்ட அந்தக் கறுப்பு போதும். அது சாக்கடையில் போய்விட்டது. இனி இரும்பே மட்டம் என்று தெரிந்தால்தான் அவர் பேர் தப்பும். இதெல்லாம் வளர்ந்து பெரியவளான பிறகு நான் தெரிந்துகொண்டது.

சனிக்கிழமை நைனா என்னையும் லேபுக்குக் கூட்டிப் போனார். கொக்கியிலிருந்து அறுத்த துண்டில் ஒரு வெட்டு போட்டிருந்தார்கள். மெஷின் அதை லேசாக இழுத்து இழுத்து விட்டு, வெட்டின் நுனியில் மயிரிழை விரிசல் ஒன்றை வளர்த்தது.

"ஏன் நைனா, நல்லா கீற இரும்ப கெடுக்கிற?"

"முழுசா கீறது எல்லாந்தான் தாங்கும். வெரிசல் உட்டப்புறம் எவ்ளோ தாங்குதுன்னுதான் பாக்கணும்."

அப்புறம் மெஷின் விடாமல் இழுத்தது. துண்டு உடையவில்லை. "ஒடஞ்சி தொலையேன்" என்று நைனா முணுமுணுத்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் டப்பென்றது. கம்ப்யூட்டரைப் பார்த்த லேப் புரொபசர் சார், "நல்ல ஸ்டீல்ப்பா. நல்லாவே தாங்கியிருக்கு" என்றார். நைனா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முன்னால் ஓடினேன்.

"எம்மா! மாமா கொக்கி நல்ல இரும்பாம்! சாரே சொன்னாரு!"

மாமா போன பிறகு அன்றுதான் அம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பின்னால் வந்த நைனாவிடம், "பாத்தியா? என் தம்பி கண்டதையும் தொடமாட்டான். போய் அந்தக் கம்பெனிக்காரன நாக்க புடுங்கிக்கிற மாதிரி கேளு" என்றாள்.

"கேக்கறேன்" என்றார்.

இவ்வளவு நல்ல சேதி கொண்டுவந்த மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏன் வாசலிலேயே நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.